கையடக்க ஹெட்ஃபோன் ஆம்ப்: பில் போடும் முன்பும் பின்பும்

எங்கள் வீடு சோமனூரில். சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுது சாய்ந்தும் நிற்காது. பகலில் பாட்டுக் கேட்க வேண்டுமானால் காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன்தான் வழி. போன வருடம் ஈரோட்டில் தெரிந்தவர் ஒருவரிடம் பயர்டைனமிக் டிடி 770 ப்ரோ பழையதாகக் கிடைத்தது. ஆசையோடு கொண்டுவந்து ஃபோனில் செருகினேன். வால்யூமைக் கடைசி வரை ஏற்றியும் பாட்டு தறிச் சத்தத்துக்கு அடியில்தான் கிடந்தது.

ஃபோனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் வைத்து ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்கு என்றார்கள். எது, எவ்வளவு, எதைப் பார்த்து என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் இரண்டு கருவிகளைத் தப்பாக வாங்கி, திருப்பவும் முடியாமல் 6,500 ரூபாய் போனது. கடைசியில் வேலையை முடித்தது 3,000 ரூபாய்ச் சாமான். அந்த நான்கு மாதமும் அந்தப் பணமும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஹெட்ஃபோனின் இரண்டு எண்களை எழுதி வையுங்கள்

ஆம்பைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். உங்கள் ஹெட்ஃபோனுக்கு எத்தனை ஓம், எத்தனை டெசிபல் என்று இரண்டு எண்கள் உண்டு. பெட்டியிலோ, கம்பெனியின் தளத்திலோ இருக்கும். ஒரு தாளில் எழுதுங்கள்.

ஓம் என்பது மின்தடை. டெசிபல் என்பது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு. ஓம் அதிகமானால் கூடுதல் வோல்ட் வேண்டும். டெசிபல் குறைவானால் கூடுதல் சக்தி வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்; ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம்.

இதில் முதல் பொறி, மாடல் பெயர். டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று வெவ்வேறாக வருகிறது. பெயர் ஒன்று, உருவமும் கிட்டத்தட்ட ஒன்று. எனக்குக் கிடைத்தது சுருள் கம்பி வைத்த 250 ஓம். விற்றவர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பழையது வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே ‘இது எத்தனை ஓமுங்க?’ என்பதுதான்.

இரண்டாவது பொறி, டெசிபலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்து. சில கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும். இரண்டும் வேறு வேறு அளவுகோல். சென்ஹைசர் எச்டி 560எஸ் 120 ஓம் என்றதும் பலரும் ஆம்ப் இல்லாமல் ஆகாது என்று பயப்படுகிறார்கள். ஆனால் அது ஒரு வோல்ட்டிலேயே 110 டெசிபல் தரும். நல்ல ஃபோன் ஜாக்கே அதற்குப் போதும். அதே கம்பெனியின் எச்டி 600 மாடல் 300 ஓம். ஒரு வோல்ட்டில் 97 டெசிபல்தான். அதற்கு ஆம்ப் வேண்டும்.

2. ஐந்து நிமிடக் கணக்கு

இதைப் போடாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். பெரிய கணக்கு ஒன்றும் கிடையாது. வோல்ட் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான்.

என் ஹெட்ஃபோனையே எடுத்துக்கொள்வோம். 250 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் ஒரு மில்லிவாட் என்பது அரை வோல்ட். ஆக, அரை வோல்ட்டில் 96, ஒரு வோல்ட்டில் 102, இரண்டு வோல்ட்டில் 108. பாட்டு நாம் கேட்கும்போது சராசரியாக 75, 80 டெசிபலில்தான் ஓடும். ஆனால் தவில் அடி, டிரம் அடி போன்றவை அதற்கு மேல் சட்டென்று எகிறும். பழைய பாட்டுகளின் பதிவே மெல்லிய அளவில்தான் இருக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். உச்சத்தில் 108, 110 எட்டினால் தாராளம். ஆகவே எனக்குத் தேவை 2 வோல்ட் தரும் கருவி. ஃபோன் ஜாக் பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரைதான் தரும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ 32 ஓம்தான், ஆனால் 91 டெசிபல். அதே 108 எட்ட சுமார் 50 மில்லிவாட் வேண்டும். வோல்ட் ஒன்றே கால்தான், ஆனால் கரண்ட் 40 மில்லிஆம்பியர் இழுக்கும். ‘2 வோல்ட்’ என்று மட்டும் போட்டிருக்கும் சில டாங்கிள்கள் (ஃபோனின் சார்ஜ் துளையில் செருகும் சின்னக் கருவிகள்) இந்த மாதிரி ஹெட்ஃபோனில் மூச்சு வாங்கும். இப்படித் தட்டையான மெல்லிய தகடு அதிர்ந்து ஒலி தரும் பிளேனார் வகை வைத்திருப்பவர்கள் ‘32 ஓமில் எத்தனை மில்லிவாட்’ என்ற எண்ணைப் பாருங்கள். 250, 300 ஓம் வைத்திருப்பவர்கள் வோல்ட்டைப் பாருங்கள்.

காதுக்குள் செருகும் இயர்ஃபோன் என்றால் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம், 100 டெசிபலுக்கு மேல். கால் வோல்ட்டே தாராளம். அவர்களுக்கு ஆம்ப் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. இரைச்சல் இல்லாமல் இருந்தால் போதும். ஃபோனில் ஜாக் இல்லையென்றால் ஒரு சாதாரண டாங்கிளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

3. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதல் வகை, ஃபோனின் சார்ஜ் துளையில் செருகும் டாங்கிள். பேட்டரி கிடையாது, ஃபோனின் கரண்டையே எடுத்துக்கொள்ளும். மலிவு, சின்னது, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. பெரும்பாலானோருக்கு இதுதான் சரி.

இரண்டாவது, ப்ளூடூத்தில் ஃபோனோடு பேசும் பேட்டரிக் கருவி. சட்டைப்பையில் கிளிப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். க்யூடெலிக்ஸ் 5கே இந்த வகை, சாதாரண 3.5 மில்லிமீட்டர் துளையில் 2 வோல்ட், 2.5 துளையில் 4 வோல்ட் தரும்.

மூன்றாவது, பேட்டரி வைத்த வெறும் ஆம்ப். இதற்கு ஃபோனில் ஹெட்ஃபோன் ஜாக் இருக்க வேண்டும். அந்த ஜாக்கிலிருந்து வரும் ஒலியை இது பெரிதாக்கும். ஃபோன் ஜாக்கில் இரைச்சல் இருந்தால் அந்த இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். நான் முதலில் வாங்கியது இதைத்தான், 2,400 ரூபாய். பாட்டு நின்ற இடங்களில் மழை பெய்கிற மாதிரி ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபோனில் ஜாக் இல்லாதவர்கள் இந்த வகைப் பக்கமே போக வேண்டாம்.

இனி துளை விஷயம். 4.4, 2.5 மில்லிமீட்டர் துளைகளை பேலன்ஸ்டு என்பார்கள்; இடது, வலது இரண்டுக்கும் முழுக்கத் தனித்தனிக் கம்பி போகும். அங்கே சக்தி அதிகம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். உங்கள் ஹெட்ஃபோன் கம்பியைக் கழற்றி மாற்ற முடிந்தால்தான் அது உதவும். டிடி 770இன் கம்பி கழற்ற வராது. நான் இரண்டாவதாக வாங்கிய 4,100 ரூபாய்க் கருவி 4.4 துளையில் 2 வோல்ட் கொடுத்தது, எனக்குப் பயன்பட்ட 3.5 துளையில் ஒரு வோல்ட்தான். பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த எண்ணை நம்பி, பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்காமல் விட்டதால் வந்தது. சாதாரண 3.5 பின்னுக்கு ஒரு அடாப்டரைப் போட்டு 4.4 துளையில் செருகலாமா என்றால், கூடவே கூடாது. இரண்டு பக்கத்தின் எதிர்முனைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகும், ஆம்ப் போய்விடும்.

4. ஃபோனோடு சேருமா என்று பாருங்கள்

ஐஃபோன் 15இலிருந்து டைப்-சி துளை. அதற்கு முந்தையவை லைட்னிங். அதற்குத் தனி மாற்றி வாங்க வேண்டும், செலவு கூடும்.

ஆண்ட்ராய்டில் வேறு சிக்கல்கள். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் ஃபோன்கள் பலவற்றில் வெளிக் கருவியைச் செருகிப் பயன்படுத்த விடும் ஓடிஜி என்ற அமைப்பை நாமே ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் அதுவாகவே அணைந்துவிடும். டாங்கிள் செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் செட்டிங்ஸில் இதைப் பாருங்கள்.

ஆப்பிளின் சின்ன டாங்கிள் ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும். ஐஃபோனிலும் கணினியிலும் அருமையாக வேலை செய்யும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மட்டும் சத்தம் பாதியாகத்தான் வரும். அது டாங்கிளின் பழுது கிடையாது, இரண்டும் பேசிக்கொள்ளும் விதம் அப்படி.

நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் சில மாற்றிகளுக்குள் வெறும் கம்பி மட்டும்தான் இருக்கும், ஒலியை மாற்றும் சிப் இருக்காது. பல ஃபோன்களில் அவை வேலையே செய்யாது. ‘உள்ளே டிஏசி சிப் இருக்குங்களா?’ என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

5. எவ்வளவு ஒதுக்குவது

இயர்ஃபோன்காரர்களுக்கு ஆயிரம் ரூபாய் போதும். 250, 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை. ஃபியோ கேஏ11 மாதிரியான டாங்கிள்கள் இந்த வட்டத்தில்தான் வருகின்றன. கம்பியில்லாமல் வேண்டுமென்றால் ஆறாயிரத்துக்கு மேல் போகும்.

ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன்: ஹெட்ஃபோனின் விலையில் பாதிக்கு மேல் ஆம்புக்குப் போடாதீர்கள். இரண்டாயிரம் ரூபாய் ஹெட்ஃபோனோடு எட்டாயிரம் ரூபாய் ஆம்ப் வாங்குவதைவிட, எட்டாயிரம் ரூபாய் ஹெட்ஃபோனை ஆயிரம் ரூபாய் டாங்கிளில் கேட்டால் பாட்டு பல மடங்கு நன்றாக இருக்கும்.

6. வாங்கும் இடமும் தாள்களும்

நான் கோவை காந்திபுரத்தில் நான்கு ஃபோன் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் காரில் வைக்கும் ஆம்பை எடுத்துக் காட்டினார். இன்னொருவர், “ஏனுங்க தம்பி, ஹெட்ஃபோனுக்கு எதுக்குங்க தனியா ஆம்ப்பு?” என்று அக்கறையாகவே கேட்டார். நம் பக்கத்தில் இதை நேரில் போட்டுக் கேட்டு வாங்குவது கடினம். ஆன்லைன்தான் நடைமுறை. அப்படியானால் தாள்களில் கவனம் வேண்டும்.

பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டில் செய்தது என்ற விவரங்களோடு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இறக்குமதியாகும் பெட்டிச் சரக்குக்கு இங்கே அது சட்டப்படி கட்டாயம். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி பின்வழியாக வந்த சரக்கு. கம்பெனியின் இந்திய வாரண்டி அதற்குக் கிடைக்காது. என் 2,400 ரூபாய் ஆம்பின் பெட்டியில் எம்ஆர்பிகூட இல்லை. அன்றைக்கே திருப்பியிருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி எண் போட்ட பில் வேண்டும். அதில் உங்கள் பெயரும், முடிந்தால் கருவியின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பில்லை ஃபோனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புத் தாள் பில் ஒரு கோடையில் வெள்ளையாகிவிடும்.

‘திருப்பி அனுப்ப ஏழு நாள்’ என்பதற்கும் ‘ஏழு நாளுக்குள் பழுதென்றால் மாற்றித் தருவோம்’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் பிடிக்கவில்லை என்றாலும் பணம் வரும். இரண்டாவதில் வராது. என் 4,100 ரூபாய் மாட்டியது இங்கேதான். கருவி நன்றாக வேலை செய்தது, எனக்குத்தான் பொருந்தவில்லை. விற்றவர்கள் சொன்னதில் அவர்கள் விதிப்படி தவறில்லை.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கூரியர்காரர்கள் அடையாளத் தாள் கேட்பார்கள், சுங்கவரி சேரும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. மூவாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

7. பெட்டி வந்த அன்றே

கூரியர் எங்களுக்குக் கருமத்தம்பட்டி வழியாக வரும், சில சமயம் ஒரு நாள் தாமதமாகும். திருப்பி அனுப்பும் கெடு பெட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

ஒட்டுப் பிரிக்காத பெட்டியிலிருந்து ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு, சீரியல் எண், கருவி மூன்றும் அதில் தெரிய வேண்டும். இடையில் நிறுத்தி நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்க மாட்டார்கள்.

அப்புறம் இந்த வரிசையில் சோதியுங்கள். பாட்டு எதுவும் ஓடாமல் வால்யூமை ஏற்றி இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். இதற்குச் சின்ன இயர்ஃபோன் போடுங்கள், அதில்தான் இரைச்சல் தெரியும். மிக மெல்லிய அளவில் இடது, வலது இரண்டும் சமமாகக் கேட்கிறதா பாருங்கள். திருகு வைத்த மலிவு ஆம்புகளில் ஒரு பக்கம் ஓங்கி நிற்கும். பின்னை லேசாகச் சுழற்றுங்கள், கரகரவென்றால் துளை சரியில்லை. ஃபோனைச் சார்ஜில் போட்டு ஒருமுறை, இன்வெர்ட்டரில் கரண்ட் ஓடும்போது ஒருமுறை கேளுங்கள். அப்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று இழுத்தால் அது சார்ஜர் வழியாக வருகிறது, ஆம்பைக் குறை சொல்ல முடியாது. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டால் போய்விடும்.

சோதிக்க உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒலியைப் போடுங்கள். நான் எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பியில் ஃபோனிலேயே பதிவு செய்த பம்பை, உருமி மேளத்தை வைத்திருக்கிறேன். உருமியின் ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள் அல்லவா, அந்த ‘உர்ர்ர்’ என்ற முனகல் ஃபோன் ஜாக்கில் மொத்தச் சத்தத்தோடு கரைந்துபோகும். 2 வோல்ட் டாங்கிள் வந்த அன்று அது தனியாக எழுந்து கேட்டது. பம்பையின் அடிக்கும் அதற்கும் நடுவில் குச்சி தோலில் இழுபடுவதுகூடத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பதிவை நான்கு முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

நூறு மணி நேரம் ஓட விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காத்திருக்க வேண்டாம். முதல் நாள் இரைச்சல் வரும் ஆம்ப் மூன்றாம் மாதமும் இரையும். அதற்குள் உங்கள் கெடு முடிந்திருக்கும்.

8. தினசரிப் பயன்பாடு

ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு பின்னைச் செருகாதீர்கள். முதலில் வால்யூமைக் கீழே இறக்கி, பின்னைச் செருகி, பாட்டைப் போட்டு, அப்புறம் மாட்டி, மெல்ல ஏற்றுங்கள். சில டாங்கிள்கள் செருகியதும் முழு வால்யூமில் எழும்.

கெயின் (ஒலியை எத்தனை மடங்கு பெரிதாக்குவது) என்று ஒரு பொத்தான் இருந்தால், இயர்ஃபோனுக்குக் கீழ் நிலை, 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு மேல் நிலை. இயர்ஃபோனை மேல் நிலையில் போட்டால் இரைச்சலும் கூடும், வால்யூமில் முதல் இரண்டு படிக்கு மேல் ஏற்றவும் முடியாது. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மொத்தமே 15 படிதான்.

காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தறி ஓட்டுகிறவர்களும் தறிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களும் ஏற்கெனவே காதுக்கு நிறையச் சுமை கொடுத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். ஆம்ப் வந்துவிட்டால் 90 என்பது சுலபமாக எட்டிவிடும் அளவு. வெளிச்சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றாதீர்கள். காதை நன்றாக மூடும் மெத்தை போட்ட ஹெட்ஃபோனால் வெளிச்சத்தத்தைக் குறையுங்கள். பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன் தறிப்பக்கமும் பேருந்திலும் உதவாது.

பேருந்தில் பெரிய ஹெட்ஃபோன் கம்பியின் எடை முழுவதும் டாங்கிளில் தொங்க விடாதீர்கள். ஃபோனின் துளை தளர்ந்துவிடும், அதைச் சரிசெய்யும் செலவு டாங்கிளின் விலையைத் தாண்டும். கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி ஃபோனோடு ரப்பர் பட்டை போட்டுப் பிடித்தால் போதும்.

பேட்டரி வைத்த கருவி என்றால் சித்திரை வெயிலில் வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். என் முதல் ஆம்ப் அப்படித்தான் ஒரு மத்தியானத்தில் வயிறு உப்பியது. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கிறீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் கொண்டு போங்கள்.

9. பழுதானால்

முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள், வேறு ஃபோனில் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். ஃபோனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. பில், சீரியல் எண், பழுது தெரியும் வீடியோ மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். சர்வீஸ் பெரும்பாலும் வெளியூரில்தான். அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்று அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரியர் ரசீதைச் சாமான் திரும்பி வரும்வரை தொலைக்காதீர்கள்.

பதிலே வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே மனுப் போடலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.